என்95 என்று அச்சிட்டிருந்தால் போதுமா? முகத்தோடு பொருந்தாத சுவாசக் கவசங்கள் பற்றி ஒரு கேள்வி

தாழம்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். எங்களுக்கு வழங்கப்படும் என்95 முகக்கவசம் கிண்ண வடிவில் ஒரே அளவில் வருகிறது. என்னுடைய முகம் சிறியது. மூக்குத்தண்டும் அவ்வளவாக உயர்ந்ததன்று. கவசத்தை அணிந்து பட்டைகளை எவ்வளவு இறுக்கினாலும், மூச்சை வெளியே விடும்போது கண்களை நோக்கிக் காற்று வருவதை உணர்கிறேன், கண்ணாடியும் உடனே பனித்துவிடுகிறது. மேலாளரிடம் சொன்னபோது இன்னும் இறுக்கிக் கட்டும்படி சொன்னார். அப்படியே செய்தேன். மூக்கின் மேல் புண் வந்ததே தவிர, காற்று வருவது நிற்கவில்லை.

என்னுடன் பணியாற்றிய இரு சகோதரிகள் காசநோய்க்கு ஆளாகி ஆறு மாதம் மருந்து உட்கொண்டவர்கள். அது பணியிடத்தில்தான் தொற்றியது என்று என்னால் நிறுவ முடியாது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் பிரிவுக்குள் நுழையும்போது அந்த நினைவு வந்துகொண்டேதான் இருக்கிறது. என் கேள்வி இதுதான்: நான் அணியும் முறையில் தவறு இருக்கிறதா, அல்லது இந்தக் கவசம் என் முகத்துக்கு ஏற்றதே இல்லையா? இதை எப்படிக் கண்டறிவது?

உலைக்களம் எழுதியது:

வணக்கம் சிஸ்டர். நான் கோவையில் ஒரு ஃபவுண்டரியில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். மருத்துவம் என் துறை இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்கான விடை இரண்டு துறைகளுக்கும் பொதுவானது. வார்ப்பிலிருந்து மணலைத் தட்டி எடுக்கும் பகுதியில் சிலிக்கா தூசிக்கு நடுவே நிற்பவரும், இருமுகிற நோயாளியின் அருகே நிற்கிற நீங்களும் ஒரே பொருளைத்தான் நம்பி நிற்கிறீர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். என்95 என்பதிலுள்ள 95 கவசத்தின் வடிகட்டும் துணியைப் பற்றிய எண். பிடிப்பதற்கு மிகக் கடினமான, ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களை நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்றோட்டத்தில் செலுத்தி, அவற்றில் குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்டி பிடிக்கிறதா என்று சோதிக்கிறார்கள். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் 1995இல் வகுத்த விதிகளின்படி நடக்கும் இந்தச் சோதனையில் கவசத்தின் விளிம்பை ஒரு தகட்டில் ஒட்டி அடைத்துவிடுவார்கள். அதாவது, அந்த எண்ணைப் பெறுவதற்காக எந்த மனித முகமும் அந்தக் கவசத்தை அணிந்ததில்லை.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். நீங்கள் இழுக்கும் காற்றில் நூறில் பத்துப் பங்கு விளிம்பின் இடுக்கு வழியாக நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தில் உள்ள துகள்கள் அனைத்தும் உள்ளே வந்துவிடும். மீதித் தொண்ணூறு துணி வழியாக வரும்போது அவற்றில் நாலரை தப்பி வரும். ஆக, நூறில் பதினாலரைத் துகள்கள் உங்கள் நுரையீரலுக்குச் செல்கின்றன. இப்போது 90 விழுக்காடு மட்டுமே வடிகட்டும் மட்டமான துணி ஒன்று, ஆனால் விளிம்பில் ஒரே ஒரு பங்குதான் கசிகிறது என்று கொள்ளுங்கள். உள்ளே வருபவை பதினொன்றுக்கும் குறைவு. மட்டமான துணி, நல்ல பொருத்தத்தால் உயர்ந்த துணியை வென்றுவிடுகிறது. காசநோய்க் கிருமியைச் சுமக்கும் நுண்துளிகள் 1 முதல் 5 மைக்ரான் வரை இருப்பவை. அவற்றை நல்ல துணி ஏறக்குறைய முழுமையாகவே பிடித்துவிடும் என்பதால், உங்களைப் பொறுத்தவரை ஆபத்து பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கிறது.

கண்ணாடி பனிக்கிறது என்றால் மூக்குத்தண்டின் இருபுறமும் வழி திறந்திருக்கிறது என்று பொருள். வெளியே செல்லும் காற்றுக்கு வழி இருந்தால் உள்ளே வரும் காற்றுக்கும் அதே வழி உண்டு. கவசத்தை மாற்றுவதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். மூக்கின் மேலுள்ள உலோகப் பட்டியை ஒரு கையால் கிள்ளி மடிக்காதீர்கள். அப்படிச் செய்தால் நடுவில் கூர்மையான மடிப்பு விழுந்து இருபுறமும் இடுக்கு உண்டாகும். இரு கை விரல் நுனிகளையும் நடுவில் வைத்து, கன்னம் நோக்கி வழித்து அழுத்துங்கள். மேல் பட்டை உச்சந்தலையின் பின்புறத்திலும், கீழ்ப் பட்டை காதுகளுக்குக் கீழே பிடரியிலும் இருக்க வேண்டும். பிறகு இரு கைகளாலும் கவசத்தை மூடிக்கொண்டு மூச்சை வேகமாக இழுத்தால் அது முகத்தை நோக்கி ஒட்ட வேண்டும். மூச்சை விட்டால் விளிம்பில் எங்கும் காற்று தெரியக் கூடாது. இதையெல்லாம் சரியாகச் செய்தும் காற்று வருகிறது என்றால் உங்கள் மீது தவறில்லை. அந்தக் கவசம் உங்கள் முகத்துக்கு உரியதல்ல.

இன்னொன்று. இறுக்குவதால் பொருத்தம் வராது. வடிவம் ஒத்துவராத இடத்தில் இறுக்கினால் ஒரு பக்கம் புண்ணாகும், மறுபக்கம் திறந்தே இருக்கும். உங்களுக்கு நேர்ந்ததும் அதுதான்.

மார்புநோய் மருத்துவன் எழுதியது:

உலைக்களம் ஐயா விளக்கியது சரியே. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இருபது ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். பல பிரிவுகளில் என்95 கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தையும் பார்த்தவன். கவசம் கசிகிறது, ஆகவே பயனில்லை என்ற பேச்சு பரவினால், இருப்பதையும் அணியாமல் விட்டுவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். கசியும் கவசமும் வெறும் முகத்தைவிட மேலானது.

மேலும், கவசம் கடைசி அரண். நோயாளியை விரைவாகக் கண்டறிந்து மருந்தைத் தொடங்குவது, அவருக்கு முகக்கவசம் கொடுப்பது, சன்னல்களைத் திறந்து வைப்பது, சளி மாதிரியைக் கட்டடத்துக்கு வெளியே திறந்தவெளியில் எடுக்கச் சொல்வது ஆகியவை அதற்கு முந்தைய அரண்கள். 2010இல் நடுவண் அரசு வெளியிட்ட காற்றுவழித் தொற்றுத் தடுப்பு வழிகாட்டியும் இந்த வரிசையைத்தான் வலியுறுத்துகிறது. எதிரெதிரே சன்னல்கள் உள்ள பழைய கட்டடத்தின் காற்றோட்டம் செய்கிற வேலையை எந்தப் பொருத்தச் சோதனையும் செய்துவிடாது.

உலைக்களம் எழுதியது:

டாக்டர், வரிசையில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் ஆலையிலும் தூசி எழும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்கும் குழாயை அமைத்த பிறகுதான் கவசத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். ஆனால் சன்னலைத் திறக்க முடியாத, குளிரூட்டிய அறைகள் உங்கள் மருத்துவமனைகளிலும் இருக்கின்றன. நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் அறையில் நோயாளி உங்கள் முகத்துக்கு நேராக இருமுவார். அங்கே கடைசி அரண்தான் முதல் அரணும்.

கசியும் கவசம் வெறும் முகத்தைவிட மேல் என்பது உண்மை. ஆனால் கசிவதை அறியாதவர், அதை நம்பி, வெறும் முகத்தோடு செல்லத் துணியாத இடத்துக்குள் செல்கிறார். நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். மணல் தட்டும் பகுதியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நாள்கூடத் தவறாமல் கவசம் அணிந்த ஒருவருக்குச் சிலிக்கோசிஸ் என்ற தூசி நுரையீரல் நோய் வந்தது. நான் அப்போது வேறொரு ஆலையில் இளநிலைப் பணியில் இருந்தேன். அவர் கன்னங்கள் ஒட்டிய மெலிந்த முகக்காரர். அவர் ஓய்வு நேரத்தில் கவசத்தைக் கழற்றும்போது கன்னத்தின் இருபுறமும் தூசி கோடு கோடாகப் படிந்திருக்கும். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். அந்தக் கோடுகள் என்ன சொல்கின்றன என்று எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை.

கடல்தாண்டி எழுதியது:

தாழம்பூ அக்கா, நான் இங்கிலாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சொந்த ஊர் நாகப்பட்டினம். இங்கே எஃப்எஃப்பி3 என்ற ஐரோப்பிய வகைக் கவசம் அணிந்து பணி செய்வதற்கு முன் பொருத்தச் சோதனையில் தேற வேண்டும். எல்லோரும் ஃபிட் டெஸ்ட் என்றே சொல்வோம். எந்தத் தயாரிப்பில், எந்த அளவில் தேறினோமோ அதை மட்டும்தான் அணியலாம். வேறு தயாரிப்பு வந்தால் மீண்டும் சோதனை.

என்னுடைய அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் கவசத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது மிக நன்றாகப் பொருந்தியிருப்பதாகவே தோன்றியது. கைகளால் மூடி ஊதிப் பார்த்தபோதும் கசிவு தெரியவில்லை. சோதனையில் பேசத் தொடங்கிய உடனே தோற்றேன். இரண்டாவது கவசம் தலையைக் குனிந்தபோது தாடைக்கு அடியில் திறந்துகொண்டது. மூன்று மடிப்புகளாக விரியும் மூன்றாவது கவசத்தில்தான் தேறினேன். சோதனை செய்தவர் என்னிடம் சொன்ன சொல் இன்றும் நினைவிருக்கிறது: "கவசங்கள்தான் தோற்றன, நீங்கள் தோற்கவில்லை." அதுவரை என் முகத்தில்தான் ஏதோ குறை என்று குறுகிப்போய் அமர்ந்திருந்தேன்.

பெருந்தொற்றுக் காலத்தில் இங்கே பெண் பணியாளர்களும் ஆசிய வம்சாவளியினரும் இந்தச் சிக்கலை வெளிப்படையாகப் பேசினார்கள். அதன்பின் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முதல் முயற்சியில் தேறுவோர் விகிதம் ஆண்களைவிடப் பெண்களிடம் குறைவு என்றும், ஆசியப் பெண்களிடம் மிகக் குறைவு என்றும் தெரியவந்தது. ஆகவே உங்கள் ஐயம் உங்கள் ஒருவருடையது மட்டுமல்ல.

தாழம்பூ எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் நன்றி. தங்கை கடல்தாண்டி எழுதியதைப் படித்துவிட்டு என் பிரிவில் உள்ளவர்களிடம் வாசித்துக் காட்டினேன். இரு கை விரல்களால் அழுத்தும் முறையைச் செய்து பார்த்தேன். பனிப்பது குறைந்தது, நிற்கவில்லை.

சில கேள்விகள். நாங்கள் கொண்டை போடுகிறோம். மேல் பட்டை கொண்டைக்கு மேலே ஏறி நழுவுகிறது. மூக்குத்தி அணியலாமா? மேலும், எங்களுக்கு ஒரு கவசத்தைப் பல நாட்கள் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. காகித உறையில் பெயர் எழுதி வைத்து மறுநாள் எடுத்துக்கொள்கிறோம். அதனால் பொருத்தம் குறையுமா?

உலைக்களம் எழுதியது:

கொண்டையைப் பிடரியில் தாழ்வாகப் போட்டால் கீழ்ப் பட்டையைத் தள்ளும். உச்சியில் போட்டால் மேல் பட்டையை நழுவ விடும். இரண்டு பட்டைகளுக்கும் இடையில், பின்தலையின் நடுவில் அமையுமாறு போடுவதே நல்லது. பின்னலாக விட்டுவிட்டால் இன்னும் எளிது. பட்டைக்கு அடியில் பூச்சரம் இருக்கக் கூடாது. பட்டை எந்தக் கோணத்தில் இழுக்கிறதோ அந்தக் கோணத்தில்தான் விளிம்பு முகத்தில் பதியும். பட்டை இடம் மாறினால் கன்னத்தில் பதிவதும் மாறிவிடும்.

மூக்குத்தியைப் பொறுத்தவரை, கிண்ண வடிவக் கவசத்தில் விளிம்பு மூக்குத்தண்டின் மேலும் கன்னத்திலும் செல்கிறது. மூக்குத்தி உள்ளே அடங்கிவிடும். சிறிய ஒற்றைக்கல் மூக்குத்தி பெரும்பாலும் தொல்லை தராது. பெரிய பேசரியோ வளையமோ கவசத்தை உள்ளிருந்து தூக்கினால் தொல்லைதான். எதை அணிந்து பணி செய்கிறீர்களோ அதை அணிந்தே சோதனையும் செய்யுங்கள். கண்ணாடிக்கும் இதே விதி.

மறுபயன்பாடு பற்றி நீங்கள் கேட்டது மிக முக்கியமானது. ஒவ்வொரு முறை அணிந்து கழற்றும்போதும் பட்டை கொஞ்சம் தளர்கிறது, மூக்குப் பட்டி கொஞ்சம் வளைவு இழக்கிறது. ஐந்து முறைக்கு மேல் அணிந்தால் பல தயாரிப்புகளில் பொருத்தம் கெடத் தொடங்கும் என்பதால்தான் தட்டுப்பாட்டுக் காலத்தில்கூட அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஐந்து முறை என்ற வரம்பைச் சொன்னது. உறையின் மேல் பெயரோடு, ஒவ்வொரு முறை அணியும்போதும் ஒரு கோடு போட்டு வாருங்கள். கழுவுவதோ சானிடைசர் தெளிப்பதோ கூடவே கூடாது. துணியில் ஏற்றப்பட்டுள்ள மின்னூட்டம் ஆல்கஹாலால் அழிந்துவிடும்; பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும், வடிகட்டாது.

எங்கள் ஆலையில் இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். தூசி படியப் படியத் துணி அடைத்துக்கொள்ளும், மூச்சிழுப்பது கடினமாகும். காற்று எளிய வழியைத் தேடும். அந்த எளிய வழி விளிம்புதான். காலையில் சிறிதாக இருந்த கசிவு மாலையில் பெரிதாவது இதனால்தான்.

கருங்கல் எழுதியது:

நான் கல் உடைக்கும் கிரஷரில் பொறுப்பாளராக இருக்கிறேன். ஒரு சங்கடமான கேள்வி. கார்த்திகை முதல் நாள் மாலை போட்டுக்கொண்டால் நாற்பத்தொரு நாட்கள் மழிக்க முடியாது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் மாலை போடுவார்கள். மனைவி கருவுற்றிருக்கும்போது தாடி வளர்ப்பவர்களும் உண்டு. தாடியோடு என்95 அணிந்தால் பயன் இருக்கிறதா? மீசையும் கூடாதா?

உலைக்களம் எழுதியது:

தம்பி, சங்கடமே இல்லை, எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. மீசை கவசத்துக்குள் அடங்கி, விளிம்பைத் தொடாமல் இருந்தால் தடையில்லை. நையாஷ் 2017இல் பலவகை மீசை தாடிகளை வரிசையாகப் படம் வரைந்து எது தகும், எது தகாது என்று காட்டியது. நம் ஊர் முறுக்கு மீசையின் நுனி விளிம்பைத் தாண்டுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தாடி வேறு. விளிம்பு பதியும் இடத்தில் முடி இருந்தால், அது இரண்டு நாள் முடியாக இருந்தாலும், தோலுக்கும் விளிம்புக்கும் இடையே காற்று ஓடும். நீண்ட தாடி முகத்தோடு படிந்துவிடும், ஆகவே பரவாயில்லை என்று சிலர் நம்புகிறார்கள்; அது தவறு. கடினமான குட்டை முடியும் நீண்ட முடியும் இரண்டுமே கசியும்.

எங்கள் ஆலையில் மாலை போடும் காலத்தில் அவர்களைத் தூசிப் பகுதியிலிருந்து வேறு பகுதிக்கு மாற்றிவிடுகிறோம். அக்டோபரிலேயே யார் யார் மாலை போடுகிறீர்கள் என்று கேட்டுப் பணி அட்டவணை போட்டுவிடுவோம். விரதத்தை விடச் சொல்வதும் தவறு, விரதத்தில் இருப்பவரைச் சிலிக்கா தூசியில் நிறுத்துவதும் தவறு. வேறு பகுதி இல்லாத சிறிய இடங்களில், முகத்தோடு ஒட்ட வேண்டிய தேவை இல்லாத, மின்விசிறியால் தூய காற்றைத் தலைமூடிக்குள் செலுத்தும் கருவி இருக்கிறது. விலை அதிகம், ஆனால் ஒன்றிரண்டு வாங்கி வைத்தால் ஆண்டுதோறும் பயன்படும்.

கடல்தாண்டி எழுதியது:

இதைப் படித்ததும் இங்குள்ள சீக்கிய மருத்துவர்களின் நினைவு வந்தது. பெருந்தொற்றின் தொடக்கத்தில் தாடியின் காரணமாகப் பொருத்தச் சோதனையில் தேறாமல் சிலர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். அதன்பின் சிங் தத்தா என்ற முறை கவனத்துக்கு வந்தது. தாடி முழுவதையும் மூடும்படி நீட்சியுள்ள ரப்பர்த் தாளை முகவாய்க்கு அடியிலிருந்து உச்சந்தலைக்குக் கொண்டுசென்று கட்டி, அதன் வழவழப்பான பரப்பின் மேல் கவசத்தை அணிவார்கள். 2020இல் மருத்துவ இதழில் வெளியான சோதனையில் பெரும்பாலானோர் தேறினார்கள். ஆனால் விளிம்புக்கும் முகத்துக்கும் இடையே எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் அமெரிக்க விதி. பழகிய கைகளும் சோதனையும் இல்லாமல் இதைக் கிரஷரில் செய்து பார்க்க வேண்டாம் என்று கருங்கல் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன்.

அளவுகோல் எழுதியது:

நான் பொறியியல் கல்லூரி ஒன்றில் மனித உடலளவையியல் கற்பிப்பவன். இந்த இழையில் யாரும் தொடாத ஒரு கேள்வி இருக்கிறது: கவசத்தின் வடிவத்தை யாருடைய முகத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள்?

1970களில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகம், கவசங்களைச் சோதிக்க 25 பேர் கொண்ட முக அளவுக் குழுவை வகுத்தது. அதற்கு அடிப்படையாக இருந்தவை 1967, 1968ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விமானப் படையினரிடம் எடுத்த அளவுகள். படையினர் என்றால் இளைஞர், உடற்கட்டுக்கான வரம்புகளுக்கு உட்பட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அந்த முகங்களே முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைப்பாளர் அனைவருக்கும் அளவுகோலாக இருந்தன. 2003இல் நையாஷ் 3,997 பேரின் முகங்களை அளந்து பார்த்தபோது, பழைய அளவுகோலின் எல்லைக்குள்ளேயே வராதவர்கள் 15 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தார்கள். அதன்பின் புதிய குழு வகுக்கப்பட்டது. மூக்கின் வேர்ப்பள்ளத்திலிருந்து முகவாய் நுனிவரை உள்ள நீளம் 98.5 முதல் 138.5 மில்லிமீட்டர், இரு கன்ன எலும்புகளுக்கு இடைப்பட்ட அகலம் 120.5 முதல் 158.5 மில்லிமீட்டர் என்று எல்லை வகுத்து, அதைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்தார்கள்.

சீனத்தில் 2006இல் 3,000 தொழிலாளர்களை அளந்தபோது, அமெரிக்க முகங்களைவிட அவர்களுடைய முகங்கள் நீளம் குறைந்தும் அகலம் கூடியும் மூக்கின் எழுச்சி குறைந்தும் இருந்தன. அளவுகோலை அப்படியே கடன் வாங்க முடியாது என்று அவர்கள் உணர்ந்தது அப்போதுதான். நம் நாட்டின் தரம் ஐஎஸ் 9473 ஐரோப்பியத் தரமான இஎன் 149ஐத் தழுவியது. ஐரோப்பியத் தரத்தில் ஒரு நல்ல கூறு உண்டு: துணியை மட்டுமன்றி, பத்துப் பேரை அணியச் செய்து மொத்த உட்கசிவையும் அளக்கிறார்கள், என்95க்கு நிகரான எஃப்எஃப்பி2 வகைக்கு, அவர்களில் எட்டுப் பேருக்காவது சராசரிக் கசிவு 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்தப் பத்துப் பேர் யார்? தாழம்பூ சகோதரியின் முகம் போன்ற ஒரு முகமாவது அவர்களில் இருந்ததா? சான்றிதழைப் பார்த்துக் கவசம் வாங்குகிறவர்கள் யாரும் கேட்காத கேள்வி இது.

உங்களில் யாரேனும் அளவெடுத்துப் பார்க்க விரும்பினால், நான் சொன்ன இரண்டு அளவுகளும் போதும். ஆனால் அளவை வைத்துக் கவசத்தை ஊகிக்கலாமே தவிர உறுதி செய்ய முடியாது. ஒரே நீளமும் அகலமும் உடைய இருவரில் ஒருவருக்குக் கன்னம் குழிந்திருக்கும், மற்றவருக்கு மூக்குத்தண்டு தட்டையாக இருக்கும். சோதித்துத்தான் அறிய முடியும்.

மார்புநோய் மருத்துவன் எழுதியது:

அளவுகோல் எழுதியதைப் படித்தபின் எனக்கு ஒரு நேர்மையான கேள்வி எழுகிறது. வெளிநாட்டில் இதற்கு விலை உயர்ந்த கருவிகள் இருக்கின்றன. அவை இல்லாமல் நம் மருத்துவமனையில் இதைச் செய்ய இயலுமா? இயலாது என்றால் நாம் பேசுவதெல்லாம் செவிலியர்களின் அச்சத்தைக் கூட்டுவதாகவே முடியும்.

உலைக்களம் எழுதியது:

இயலும் டாக்டர். இரண்டு வகைச் சோதனைகள் இருக்கின்றன. ஒன்று, கவசத்துக்கு வெளியிலும் உள்ளிலும் உள்ள துகள்களைக் கருவியால் எண்ணி வகுப்பது. வெளியே உள்ளதில் நூறில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது என்பது அரைமுகக் கவசத்துக்கான அமெரிக்க வரம்பு. அந்தக் கருவி விலை உயர்ந்ததுதான்.

மற்றொன்று நாக்கை நம்பிய சோதனை. தலைக்கு மேல் ஒளிபுகும் மூடி ஒன்றை மாட்டி, முதலில் கவசம் இல்லாமல் நீர்த்த கசப்புக் கரைசலை நுண்சாரலாகத் தெளிப்பார்கள். தெளிப்பானைப் பத்து முறை அழுத்துவதற்குள் கசப்புத் தெரிகிறதா, இருபதுக்குள்ளா, முப்பதுக்குள்ளா என்று குறித்துக்கொள்வார்கள். முப்பதிலும் தெரியாதவருக்கு வேறு சோதனைதான் செய்ய வேண்டும். பிறகு வாய் கொப்பளித்து, கவசம் அணிந்து, செறிவான கரைசலை அதே எண்ணிக்கையில் தெளித்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதில் பாதியைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் இயல்பாக மூச்சு விட வேண்டும், ஆழமாக மூச்சு விட வேண்டும், தலையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், மேலும் கீழும் அசைக்க வேண்டும், உரக்கப் பேச வேண்டும், இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும், மீண்டும் இயல்பாக மூச்சு விட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். கசப்புத் தெரிந்தால் அந்தக் கவசம் தோற்றது. சோதனைக்குக் கால் மணி நேரம் முன்பிருந்து தண்ணீரைத் தவிர எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. வெற்றிலை பாக்குப் போட்டவரை வாய் கழுவி வெகுநேரம் கழித்தே அமர்த்துங்கள். கசப்புக்குப் பதிலாகச் சாக்கரின் கரைசலையும் பயன்படுத்தலாம்.

பேசும் சோதனைக்கு அங்கே ஆங்கிலப் பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்வார்கள். நாங்கள் நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்கிறோம்; அதற்கும் விதியில் இடம் உண்டு. தமிழில் எண்ணும்போது உதடும் தாடையும் நன்றாகவே அசைகின்றன.

இதற்கு வேண்டியவை ஒரு மூடி, இரண்டு தெளிப்பான்கள், இரண்டு கரைசல்கள், இருபது நிமிடப் பொறுமை. உண்மையான செலவு சோதனையில் இல்லை. ஒரே தயாரிப்பை மொத்தமாக வாங்குவதை விட்டுவிட்டு இரண்டு மூன்று வடிவங்களையும் சிறிய அளவையும் சேர்த்து வாங்க வேண்டுமே, அங்கேதான் எல்லாரும் தயங்குகிறார்கள். கிண்ண வடிவக் கவசங்களிலேயே 3எம் 1860 என்பதற்கு 1860எஸ் என்ற சிறிய இணை இருக்கிறது. வாத்தின் அலகு போன்ற வடிவிலும், மூன்று மடிப்பு வடிவிலும் கிடைக்கின்றன. காதில் மாட்டும் வகையை மட்டும் சோதிக்காமல் ஏற்காதீர்கள். தலையைச் சுற்றிவரும் பட்டை தரும் இழுவிசையைக் காதால் தாங்க முடியாது.

தாழம்பூ சிஸ்டர், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நூற்பாலையில் என் நண்பர் இருக்கிறார். அவரிடம் சோதனைப் பெட்டி இருக்கிறது. நான் பேசிவிட்டேன், உங்கள் மேலாளர் ஒப்புக்கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார்.

தாழம்பூ எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலைக்களம் ஐயாவின் நண்பர் வந்தார். எங்களிடமிருந்த கிண்ண வடிவக் கவசத்தோடு முதலில் நான் அமர்ந்தேன். இயல்பாக மூச்சுவிடும்போது ஒன்றும் தெரியவில்லை. தலையைத் திருப்பியபோதும் தெரியவில்லை. நூறிலிருந்து எண்ணத் தொடங்கித் தொண்ணூற்று நான்கு வருவதற்குள் நாக்கெல்லாம் கசந்துவிட்டது. பதினான்கு ஆண்டுகளாக நோயாளிகளின் அருகில் நின்று மருந்து உட்கொள்ளும் முறையை நாள்தோறும் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். அதாவது அந்தக் கவசத்துக்குள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்த எண்ணம் வந்தபோது சற்று நேரம் எதுவும் பேச முடியவில்லை.

மூன்று மடிப்புக் கவசத்தில் நான் தேறினேன். எங்களில் மிகச் சிறிய முகம் உடைய சகோதரிக்கு அதுவும் பொருந்தவில்லை. வாத்தலகு வடிவில் சிறிய அளவு பொருந்தியது. மாறாக, அகன்ற முகம் உடைய எங்கள் மூத்த உதவியாளருக்குப் பழைய கிண்ணக் கவசமே மிகச் சரியாக இருந்தது. ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஆகிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்த பிறகுதான் மேலாளரும் நம்பினார். மார்புநோய் மருத்துவர் ஐயாவுக்கு ஒரு செய்தி: சோதனையில் தோற்றவர்களில் ஒருவர்கூடக் கவசத்தைக் கைவிடவில்லை. வேறு கவசம் வரும்வரை சளி பரிசோதனை அறைக்குள் செல்லும் முறையை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சன்னல்களை முன்பைவிட அகலமாகத் திறந்து வைக்கிறோம்.

பண்டகசாலைக்கு அனுப்பும் தேவைப் படிவத்தில் இதுவரை எண்ணிக்கைக்கு மட்டும் ஒரு கட்டம் இருந்தது. இப்போது பேனாவால் இன்னொரு கோடு இழுத்து, வடிவம், அளவு என்று எழுதி அனுப்பியிருக்கிறோம்.

ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. எங்களில் ஒரு சகோதரி ஏழு மாதக் கர்ப்பிணி. முன்பே தேறியவர்; இப்போது முகம் நன்றாகப் பூரித்திருக்கிறது. அவரைக் காசநோய்ப் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார்கள். பிள்ளை பிறந்து பணிக்குத் திரும்பும்போது பழைய முடிவு செல்லுமா?

கடல்தாண்டி எழுதியது:

செல்லாது அக்கா. உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு மாறினாலும், பல் எடுத்தாலோ பல்செட் மாற்றினாலோ, முகத்தில் தழும்போ அறுவை சிகிச்சையோ நேர்ந்தாலும் மீண்டும் சோதிக்க வேண்டும். எதுவும் மாறாவிட்டாலும் அமெரிக்க விதிப்படி ஆண்டுக்கு ஒருமுறை. அவர் திரும்பிவரும் முதல் நாளிலேயே, பிரிவுக்குள் செல்வதற்கு முன், அமர்த்திவிடுங்கள்.

தாழம்பூ எழுதியது:

அவர் பெயருக்கு நேராகக் குறித்துவிட்டேன். அடுத்த சோதனை ஆய்வுக்கூடத்து ஊழியர்களுக்கு. அவர்களில் இருவர் இந்த ஆண்டு மாலை போடுகிறார்களாம். ஐப்பசி முடிவதற்குள் அட்டவணையை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.